சாவி இல்லாத வண்டி: கேம்ப்சைட்டில் டிராவல் டிரெய்லரைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடு போன்ற டிராவல் டிரெய்லரை நகர்த்த எந்தச் சாவியும் வேண்டாம். கதவுக்குச் சாவி உண்டு, சாமான் பெட்டிகளுக்குச் சாவி உண்டு. ஆனால் எஞ்சின் இல்லை, இக்னிஷன் இல்லை, ஸ்டியரிங் பூட்டும் இல்லை. முன்னால் முக்கோணமாக நீண்டிருக்கும் சட்டத்தின் நுனியில் கப்ளர் என்று ஒரு இரும்புக் குவளை கவிழ்ந்திருக்கும். பின்புறத்தில் அதற்குப் பொருந்துகிற இரும்புப் பந்து வைத்த ஒரு பிக்கப் டிரக் வந்தால் போதும். பழகிய கை என்றால் சில நிமிடங்களில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நடுத்தெருவில் ஒருவன் கார்க் கண்ணாடியை உடைத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கேம்ப்கிரவுண்டில் ஒரு பிக்கப் பின்னோக்கி வந்து, ஒருவர் இறங்கி ஜாக்கியைச் சுற்றி, டிரெய்லரை மாட்டிக்கொண்டு போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் தினமும் செய்கிற வேலை அது. பக்கத்து சைட்காரர் கையசைத்து வழியனுப்பக்கூடச் செய்வார்.

அமெரிக்காவில் என் நண்பர் வட்டத்திலேயே சில குடும்பங்கள் சமீபத்தில் முதல் டிரெய்லரை வாங்கியிருக்கின்றன. உள்ளே அடுப்பு எப்படி, பாத்ரூம் எப்படி, எத்தனை பேர் படுக்கலாம் என்று ஆயிரம் கேள்வி கேட்டார்கள். பூட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கட்டிங் மிஷின் ஒன்று கையில் இருந்தால் உலகத்தில் எந்தப் பூட்டையும் அறுத்துவிடலாம். நாம் செய்யக்கூடியது, அவன் வேலையை நீளமாக்குவதும் சத்தமாக்குவதும்தான். இரண்டு நிமிட வேலை பதினைந்து நிமிடமானால், அதுவும் தீப்பொறி பறக்க நாலு சைட்டுக்குக் கேட்கிற மாதிரி ஆனால், பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கிளம்புமுன்: எண்களும் படங்களும்

காசு செலவில்லாத வேலை இது. அதனாலேயே எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

உங்கள் டிரெய்லருக்கு 17 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வின் எண் (வாகன அடையாள எண்) இருக்கும். பொதுவாக ஓட்டுநர் பக்கத்து வெளிச்சுவரில் முன்பகுதியில் ஒரு ஸ்டிக்கராக இருக்கும், முன்சட்டத்து இரும்பிலும் பொறித்திருப்பார்கள். இரண்டையும் தேடிப் படம் எடுங்கள். எழுதிக்கொள்ளும்போது ஒன்று கவனியுங்கள்: வின் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம், கோடாகத் தெரிவது ஒன்று. போலீஸிடம் பதற்றத்தில் படித்துக் காட்டும்போது இது உதவும்.

ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம், பொறித்ததைத் தேய்த்துவிடலாம். அதனால் சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில், இழுப்பறைக்குப் பின்னால் என்று இரண்டு மூன்று மறைவான இடங்களில் அழியாத மார்க்கரால் அந்த எண்ணின் கடைசி எட்டு இலக்கங்களை எழுதி வையுங்கள். வண்டி திரும்பக் கிடைத்தால் அது உங்களுடையதுதான் என்று காட்ட உதவும்.

பிறகு நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒடுங்கிய இடம், ஒட்டிய ஸ்டிக்கர், மாற்றிய விளக்கு என்று உங்கள் வண்டிக்கே உரிய அடையாளங்கள் தெளிவாக விழட்டும். பல டிரெய்லர்கள் வெள்ளை உடம்பில் சாம்பல் வளைவுகள் போட்டவைதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. என் நண்பரின் மனைவி தங்கள் வண்டியின் பின்புறத்தில் மூன்றடி அகலத்துக்கு ஒரு பூக்கோலத்தை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டியிருக்கிறார். அழகுக்காகத்தான் ஒட்டினார். ஆனால் அந்த வண்டியை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். நெடுஞ்சாலையில் வேறு யாராவது இழுத்துக்கொண்டு போனால் பார்த்தவுடன் தெரியும்.

ஜெனரேட்டர், சோலார் பலகை, பேட்டரி, சைக்கிள் ஆகியவற்றின் சீரியல் எண்களையும் படம் எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது ஜெனரேட்டர் கதை வரும்போது புரியும்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. "கார் இன்ஷூரன்ஸ் டிரெய்லருக்கும் சேரும்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இழுத்துச் செல்லும்போது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பெரும்பாலும் சேரும். டிரெய்லரே களவு போனால் அதற்குப் பெரும்பாலும் டிரெய்லர் பெயரில் தனிக் காப்பீடு வேண்டும். உள்ளே இருக்கும் சாமான் சேருமா, போனால் தருவது புது வண்டி விலையா தேய்மானம் போன விலையா என்பதை வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் வின் எண்ணை ஸ்டிக்கரிலும் சட்டத்திலும் வண்டியின் உரிமையைக் காட்டும் டைட்டில் பத்திரத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பீட்டுக் குற்றங்களைக் கண்காணிக்கும் என்.ஐ.சி.பி. என்ற அமைப்பின் இணையதளத்தில் 'வின்செக்' என்ற இலவச வசதி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களில் திருட்டு என்று பதிவாகி இன்னும் மீட்கப்படாத வண்டியா என்று அதில் பார்க்கலாம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

கப்ளர் பூட்டு: செலவு செய்ய வேண்டிய இடம்

நான் முதலில் வாங்கிய பூட்டு இருபது டாலருக்கும் குறைவு. கப்ளருக்குள் கீழிருந்து ஒரு போலிப் பந்தை நுழைத்து, மேலே ஒரு வளையத்தைப் போட்டு அழுத்திப் பூட்டும் வகை. பளபளவென்று இருந்தது. முதல் பயணத்திலேயே பக்கத்து சைட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற வெல்டர், அதைப் பார்த்துவிட்டு, "உன் பூட்டை உடைக்கட்டுமா? போனால் போகிறது, நான் வேறு வாங்கித் தருகிறேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். தன் பெட்டியிலிருந்து ஒரு சுத்தியலும் ஓரடி நீள நெம்புகோலும் எடுத்து வந்தார். வளையத்துக்கும் கப்ளருக்கும் நடுவே இருந்த விரல் அகல இடைவெளியில் நெம்புகோலை நுழைத்தார். சுத்தியலால் மூன்று அடி. வளையம் கோணிக்கொண்டு கழன்று என் காலடியில் விழுந்தது. நான் காபிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். நல்ல கப்ளர் பூட்டு என்பது கப்ளரின் உதட்டைச் சுற்றிக் கவசம் மாதிரி மூடி, நெம்புவதற்கு இடமே தராதது. கனமான எஃகுத் தகட்டில் செய்து, பூட்டும் பகுதி வெளியே தெரியாமல் ஒரு குழிக்குள் மறைந்திருக்கும். வட்டமான டிஸ்க் பூட்டு போடும் வகைகள் நல்லவை, ஏனென்றால் அறுக்கிற மாதிரி வளைவு வெளியே மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும். விலை நூறு டாலருக்கு மேலேயே ஆகும். மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, பூட்டுக்கு இருநூறு டாலரா? அதுல ஒரு வாரம் கேம்ப்பிங் போயிட்டு வந்துடலாமே" என்றார். டிரெய்லர் கடனுக்கு மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். மறுநாள் ஆர்டர் போட்டுவிட்டார்.

வாங்குமுன் கப்ளர் அளவைப் பாருங்கள். டிரெய்லர்களுக்கு வழக்கமான பந்து அளவுகள் மூன்று: 1 7/8, 2, 2 5/16 அங்குலம். உங்களுடையது எது என்று கப்ளர் மேலேயே பொறித்திருக்கும். சிறிய டிரெய்லர்களுக்கு 2 அங்குலமும் பெரியவற்றுக்கு 2 5/16 அங்குலமும் சாதாரணம். ஆனால் ஒரே பந்து அளவுள்ள கப்ளர்களிலும் உதட்டின் வடிவம் மாறும். பூட்டு செய்பவர்கள் எந்தக் கப்ளருக்குப் பொருந்தும் என்று மாடல் வாரியாகப் பட்டியல் தருவார்கள், அதைப் பார்த்தே வாங்குங்கள். தொளதொளவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கப்ளரின் தாழ்ப்பாளில் ஒரு துளை இருக்கும். அதில் ஒரு பின் பூட்டைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வழியில் உணவகத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிற்கும்போது யாரும் தாழ்ப்பாளைத் திறந்துவிடாமல் இருக்க நல்லது. கழற்றி நிறுத்திய டிரெய்லருக்கு அது மட்டும் போதாது. கப்ளரை ஏதாவதொரு பந்தின் மேல் சும்மா உட்காரவைத்து, டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகளாலேயே இறுக்கிக் கட்டி மெதுவாக இழுத்துப் போய்விட முடியும். நிறுத்தியதும் அந்த இரண்டு சங்கிலிகளையும் சுருட்டி ஒரே பூட்டில் கோத்துவிடுங்கள்.

பிக்கப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பந்து பொருத்திய இரும்புத் தண்டு வெறும் பின் ஒன்றில்தான் நிற்கிறது. அந்தத் தண்டு நுழையும் குழலான ரிசீவர் 2 அங்குலம் என்றால் 5/8 அங்குலப் பின் பூட்டு வாங்கிப் போடுங்கள். எடையைப் பகிரும் வகை ஹிட்ச் (இழுவை இணைப்பு) பல நூறு டாலர். ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் அது போய்விட்டால் டிரெய்லரை வீட்டுக்கு எடுத்து வர வழி இல்லை.

சக்கரம்

கப்ளர் பூட்டுக்கு அடுத்தது சக்கரப் பூட்டு. சின்ன டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படியுங்கள். 25 அடி டிரெய்லர் 6,000 பவுண்டு எடை இருந்தால், முன்சட்டத்தின் மேல் மட்டும் 600 பவுண்டுக்கு மேல் பாரம் இருக்கும். அதைக் கையால் தூக்கித் திருப்ப முடியாது. 1,500 பவுண்டு கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரை இரண்டு பேர் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்குக் கப்ளரைவிடச் சக்கரம்தான் முக்கியம்.

சக்கரத்தை முன்னும் பின்னும் கவ்வி, நடுவே போல்ட்டுகளை மறைக்கும் தகடு கொண்ட கிளாம்ப் நல்லது. நடுத் தகடு இல்லாவிட்டால் சக்கரத்தையே கழற்றி ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். இரட்டை அச்சு வண்டி என்றால் இரு சக்கரங்களின் துளைகளின் வழியாகவும் ஒரு சங்கிலியைக் கோத்துப் பூட்டலாம். ஹார்டுவேர் கடையில் சுருளாகத் தொங்கும் சாதாரணச் சங்கிலியைப் பெரிய போல்ட் கட்டர் வெட்டிவிடும். மஞ்சள் பூச்சுள்ள கிரேடு 70 சங்கிலி சுமை கட்டுவதற்குச் செய்தது. நமக்கு வேண்டியது பாதுகாப்புக்கென்றே கடினப்படுத்திய சங்கிலி. அரை அங்குலத் தடிமனில் அது கை போல்ட் கட்டருக்கு எளிதில் மசியாது. போடும்போது தரையில் கிடக்காமல் உயரத்தில் இறுக்கிப் போடுங்கள். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையின் மேல் முழு உடம்பையும் சாய்த்து அமுக்குவார்கள்.

இரு சக்கரங்களுக்கு நடுவே திருகி இறுக்கும் எக்ஸ் வடிவக் கட்டைகள் வண்டி ஆடாமல் இருக்கத்தான். பூட்டோடு வரும் வகை இருந்தாலும் அதை முதல் பாதுகாப்பாக நம்பாதீர்கள்.

சக்கரப் பூட்டு போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கழற்ற மறந்துவிட்டு வண்டியை எடுத்தால் மட்கார்டு, டயர், சில சமயம் பிரேக் வயர் எல்லாம் பிய்ந்துவிடும். நான் பூட்டைப் போட்டவுடன் பிக்கப் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுவேன். ரிப்பன் அவிழாமல் டிரெய்லரை மாட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளைகளே கவனித்துச் சொல்லிவிடுவார்கள்.

சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள்: டிரெய்லர் வழியில் கழன்றால் தானாக பிரேக் பிடிக்கும் அவசர சுவிட்சின் பின்னை உருவிவிட்டால் சக்கரம் சுற்றாதே என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரியை அது உறிஞ்சித் தீர்த்துவிடும், மணிக்கணக்கில் மின்சாரம் ஓடி பிரேக் காந்தங்களும் சூடேறிக் கெட்டுப்போகும். பேட்டரி தீர்ந்ததும் சக்கரம் சுற்றத்தான் போகிறது.

எங்கே, எப்படி நிறுத்துவது

பின்னோக்கி நிறுத்தும் சைட்களில் கப்ளர் சாலையைப் பார்த்து நிற்கும். வந்து மாட்டுபவனுக்கு அதைவிட வசதி இல்லை. பிக்கப்பைக் கப்ளருக்கு நேர் எதிரே குறுக்காக நிறுத்தினால் இரவில் கவலை குறையும். பகலில்தான் பிரச்சினை: அருவி பார்க்கவோ மலையேறவோ பிக்கப்பில்தான் போகிறோம், டிரெய்லர் வாய் திறந்து தனியாக நிற்கும். ஆபத்தான நேரம் அதுதான்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் கேம்ப் ஹோஸ்ட் (கேம்ப்கிரவுண்டிலேயே தங்கி அதைக் கவனித்துக்கொள்பவர்) தங்கியிருக்கும் சைட்டுக்குப் பக்கத்தில், வாசலில் இருந்து தள்ளி, வளைவின் உட்பக்கத்தில் எடுங்கள். கிராமத்தில் கடைசி வீட்டுக்குப் போக எல்லோர் வாசலையும் தாண்டியாக வேண்டும் என்றால் திருடன் யோசிப்பான் அல்லவா, அதே கணக்குதான்.

பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலங்களிலும் தேசிய வனங்களிலும் பல இடங்களில் கட்டணமில்லாமல் 14 நாள் வரை தங்கலாம். ஆள் அரவமற்ற இடங்கள் அவை. அங்கே உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு: எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது உங்கள் இஷ்டம். கப்ளர் ஒரு பெரிய பாறையையோ மரத்தையோ பார்த்து நிற்கும்படி வைத்தால் வேறொரு பிக்கப் நேராகப் பின்னோக்கி வந்து சேருவது கடினம். நீங்களும் கிளம்பும்போது சற்றுச் சிரமப்படுவீர்கள்தான். இப்படி நிறுத்த வேண்டுமானால் வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.

முன் ஜாக்கி கையால் சுற்றும் வகை என்றால் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம். மின்ஜாக்கி என்றால் அதற்கான ஃபியூஸை எடுத்து வைக்கலாம். பெரும்பாலான மின்ஜாக்கிகளை அவசரத்துக்குக் கையாலும் சுற்றலாம், ஆனால் அதற்கான கைப்பிடி உங்களிடம்தானே இருக்கிறது. நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்கியே வையுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஏற்றுவதற்கும் நேரம் பிடிக்கும்.

அப்புறம், மாலையில் பக்கத்து சைட்காரர்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். "நாளைக்குக் காலையில் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவோம். எங்கள் வண்டியை எடுக்க வேறு யாரும் வர மாட்டார்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அதைக் கேட்டவர் மறுநாள் வேறொரு பிக்கப் வந்து நின்றால் கையசைக்க மாட்டார், எழுந்து போய்க் கேட்பார். வடையோ முறுக்கோ ஒரு தட்டு கொண்டுபோனால் பேச்சு தானாக வரும்.

சில்லறையாகப் போகும் பொருட்கள்

முழு டிரெய்லரை இழப்பவர்களைவிட வெளியே கிடக்கும் பொருளை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

அக்டோபர் மாதம், ஒரு வனப்பகுதிக் கேம்ப்கிரவுண்ட். ஜெனரேட்டரைச் சைக்கிளுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை கம்பிப் பூட்டால் டிரெய்லர் சட்டத்தோடு கட்டிவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் எழுந்து வந்தால் புல் முழுக்கப் பனி ஈரம். ஜெனரேட்டர் இருந்த இடம் மட்டும் ஒன்றரை அடிக்கு ஓரடி, கோடு போட்ட மாதிரி காய்ந்து கிடந்தது. கம்பி ஒரே வெட்டில் சுத்தமாக அறுபட்டுத் தொங்கியது. தரை இன்னும் காய்ந்திருந்ததால் எடுத்துப் போய் அதிக நேரம் ஆகியிருக்காது. நாங்கள் நால்வரும் ஆறடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தோம். புகார் எழுத வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி சீரியல் எண். என்னிடம் இல்லை. எண் இல்லாத பொருளை எங்காவது கண்டெடுத்தாலும் உங்களுடையது என்று சொல்ல முடியாதே என்றார்.

கேம்ப்பிங் செய்பவர்கள் விரும்பி வாங்கும் ஹோண்டா இயு2200ஐ போன்ற ஜெனரேட்டர் 21 கிலோதான். கைப்பிடியோடு வருகிறது, ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். அந்தக் கைப்பிடி பிளாஸ்டிக், அதில் சங்கிலி போட்டுப் பயனில்லை. உள்சட்டத்தோடு பொருத்தும் இரும்புப் பட்டை தனியாக விற்கிறது, அதில் கடினப்படுத்திய சங்கிலியைக் கோத்து டிரெய்லர் சட்டத்தோடு பூட்டுங்கள். இரவில் அணைத்து ஆறியதும் பிக்கப்புக்குள் வைத்துப் பூட்டிவிடுவது இன்னும் நல்லது. டிரெய்லருக்குள் மட்டும் வேண்டாம், பெட்ரோல் வாடையும் ஆவியும் படுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர்களையும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்குப் பயந்து அவற்றை உள்ளே கொண்டுபோகவே கூடாது. வெளியே தாங்கியோடு சேர்த்துக் கம்பிப் பூட்டுப் போடலாம், ஆனால் தீ என்றால் வால்வை மூடக் கை எட்ட வேண்டும். வால்வை மறைக்கிற மாதிரி எதையும் பூட்டாதீர்கள்.

பேட்டரி வெறும் பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு நாடாவால் கட்டப்பட்டு முன்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் அதைப் பூட்டும் இரும்புப் பெட்டியிலோ உள்ளேயோ வைப்பது நல்லது (உள்ளே வைப்பதானால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை ஏற்றது, சாதாரணக் காரீய அமிலப் பேட்டரி வாயு விடும்). சைட்டின் மின் இணைப்புக் கம்பத்தில் மாட்டும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த உயர்வு) பாதுகாப்புக் கருவியைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். அதில் பூட்டுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாற்காலி, கூலர், கிரில் எல்லாம் வெளியே கிடந்தால் கண் உறுத்தும், படுக்கப் போகுமுன் உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஒரே சாவி, ஊருக்கெல்லாம் கதவு

உங்கள் டிரெய்லரின் பக்கவாட்டுச் சாமான் பெட்டிச் சாவியை எடுத்துப் பாருங்கள். அதில் சி.ஹெச்.751 என்று பொறித்திருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளிலும் பல காலமாக இதே சாவிதான் வருகிறது. இணையத்தில் சில டாலருக்கு யாரும் வாங்கலாம். என் சாவியால் நண்பரின் வண்டிப் பெட்டியைத் திறந்து காட்டியபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

மாற்றுவது அரைமணி நேர வேலை. பூட்டின் பின்பக்க நட்டைக் கழற்றினால் உருளை வெளியே வரும். அதன் நீளத்தை அளந்து அதே நீளத்தில் குழல் வடிவச் சாவியோ, வேறு எண் சாவியோ உள்ள பூட்டாக, எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி வரும்படி ஒரு செட் வாங்குங்கள். வாசல் கதவுக்கு எண் அழுத்தித் திறக்கும் பூட்டு போடலாம். எந்தப் பூட்டு போட்டாலும் உள்ளிருந்து சாவி இல்லாமல் உடனே திறக்க வேண்டும். அவசர ஜன்னல் எதையும் மறித்துக் கட்டிவிடாதீர்கள்.

நம் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. பாஸ்போர்ட், விசாக் காகிதங்கள், கிரீன் கார்டு ஆகியவற்றை டிரெய்லரில் விட்டுவிட்டு மலையேறப் போகாதீர்கள். 18 வயது நிரம்பிய கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம். பணம் போனால் சம்பாதிக்கலாம், பாஸ்போர்ட் போனால் தூதரகத்துக்கு அலைந்து மாளாது. நகையும் வேண்டாம். கழுத்தில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும்.

டிராக்கர்

ஆப்பிள் ஏர்டேக் வாங்கி ஒளித்துவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவு, பேட்டரியும் ஏறக்குறைய ஒரு வருடம் வரும், வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குத் தனியாகச் செயற்கைக்கோளோடு பேசத் தெரியாது. பக்கத்தில் போகும் ஐபோன்கள் அதைக் கண்டால்தான் இடம் தெரியும். காட்டுக்குள் ஐபோன் எங்கே வரும்? தவிர, தெரியாத டிராக்கர் உடன் வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும்.

அதனால் செல்போன் அலைவரிசையில் இயங்கும் ஜி.பி.எஸ். டிராக்கர் ஒன்றும் வையுங்கள். மாதக் கட்டணம் உண்டு. டிரெய்லரின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கி, அது துண்டிக்கப்பட்டாலும் சொந்த பேட்டரியில் சில நாட்கள் ஓடும் வகையாக இருக்கட்டும், ஏனென்றால் திருடன் முதலில் கழற்றுவது பேட்டரியைத்தான். இரும்புக்கு நடுவே அலை போகாது. மரப்பலகைக்குப் பின்னாலோ மெத்தைக்கு அடியிலோ வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் திருடு போனாலும், நெடுஞ்சாலைக்கு வந்ததும் அது பேச ஆரம்பித்துவிடும்.

போய்விட்டால்

திரும்பி வந்து பார்க்கிறீர்கள், டிரெய்லர் இருந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும் கிடக்கிறது. முதலில் கேம்ப் ஹோஸ்டிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள். சைட் குழப்பத்தில் அவர்களே நகர்த்தியிருக்கவும் வாய்ப்புண்டு. இல்லை என்றால் போலீஸை அழையுங்கள். கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் 911. தேசியப் பூங்காவுக்குள் ரேஞ்சர்களிடம் சொல்ல வேண்டும், மற்ற கிராமப்புற இடங்களில் பெரும்பாலும் கவுண்டி ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ் அதிகாரி) வருவார்.

வின் எண், நம்பர் பிளேட், படங்கள், டிராக்கர் காட்டும் இடம் எல்லாவற்றையும் கொடுங்கள். அந்த வின் எண் நாடு முழுக்கப் போலீஸார் பார்க்கும் என்.சி.ஐ.சி. பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஏறிவிட்டால் வேறு மாநிலத்தில் சோதனையில் நின்றாலும் பிடிபடும். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

டிராக்கர் பத்து மைலில் காட்டுகிறது என்று நீங்களே துரத்திக்கொண்டு போகாதீர்கள். எதிரே இருப்பவன் கையில் துப்பாக்கி இருக்கலாம். இடம் மாற மாறப் போலீஸுக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள், போதும்.

வண்டி கிடைத்துவிட்டது என்று அழைப்பு வந்தால் ஓடிப்போய்க் கழுவித் துடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். போலீஸார் பார்த்து முடிக்கட்டும், காப்பீட்டுக்குப் படம் எடுங்கள். சக்கர நட்டுகள் இறுக்கமா, பிரேக் வயரும் விளக்கு வயரும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் இழுக்காதீர்கள். கேஸ் குழாயை ஒரு மெக்கானிக் கசிவு பார்த்துச் சொல்லும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.